பழைய ஸ்லாட் இயந்திரங்களில் நினைவகச் சில்லு மாற்றம்

1980களிலும் 1990களிலும் அமெரிக்கச் சூதாட்டக் கூடங்களில் ஓடிய ஸ்லாட் இயந்திரங்களின் ஆட்ட நிரல் ஈப்ராம் என்னும் நினைவகச் சில்லில் இருந்தது. அந்தப் பதிவு அழியும் முன் புதுச் சில்லுக்குப் பிரதி எடுத்துப் பொருத்துவதே சில்லு மாற்றம். கூடங்களிலிருந்து கழிக்கப்பட்ட இயந்திரங்கள் இன்று சேகரிப்பாளர்களின் வீடுகளில் உள்ளன. கலிஃபோர்னியாவில் 25 ஆண்டுக்கு மேற்பட்டதைத் தனியார் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

ஈப்ராமை இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் 1971இல் உருவாக்கினார். அதன் ஒவ்வொரு நினைவறையிலும் காப்புப் படலம் சூழ்ந்த மிதவை வாயில் உண்டு; 0 பதிந்த அறைகளில் அதற்குள் எலெக்ட்ரான்கள் அடைபட்டிருக்கும். முதுகிலுள்ள குவார்ட்ஸ் சாளரம் வழியே 253.7 நானோமீட்டர் புறஊதா ஒளியைச் சுமார் 20 நிமிடம் பாய்ச்சினால் பதிவு முழுவதும் அழியும். அதனால்தான் சாளரத்தின் மேல் ஒளி புகாத ஒட்டுத்தாள். நிரல் எண் அச்சிட்ட அந்தத் தாளை உரிப்பது, இயந்திரத்தின் அடையாளத்தையே உரிப்பதாகும்.

இந்த அடையாளத்தின் கனம் 1984இல் இங்கெ டெல்னஸ் என்பவர் பெற்ற காப்புரிமையால் விளங்கும். 22 நிறுத்தங்கள் கொண்ட 3 சுருள்களில், சுருளுக்கு ஒன்றாக உள்ள சின்னம் வரிசையாய் விழ 10,648இல் ஒரு வாய்ப்பு. நிரலுக்குள் சுருளுக்கு 64 கற்பனை நிறுத்தங்கள் வைத்து, அந்தச் சின்னத்துக்கு ஒன்றை மட்டும் ஒதுக்கினால், அதே வாய்ப்பு 2,62,144இல் ஒன்றாகிவிடும். கண்ணுக்குத் தெரியும் சுருள் வெறும் முகம்; உண்மையான சுருள் சில்லில் இருக்கிறது. ஐஜிடி நிறுவனத்தின் எஸ்-பிளஸ் வகையில் ஆட்ட நிரலுக்கு ஒரு சில்லு, சுருள் அமைப்புக்கு ஒரு சில்லு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும்.

ஆகவே கழற்றியதும் முதல் வேலை படித்துச் சேமிப்பது. பலமுறை படித்தும் பதிவின் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை மாறாவிட்டால் நல்லது. மாறினால் சில அறைகளில் மின்னூட்டம் கசிந்து, 0 இருந்த இடம் 1 ஆகத் தெரியத் தொடங்கியிருக்கலாம். மின்னழுத்தத்தை 5 வோல்ட்டிலிருந்து சற்றுக் குறைத்துப் படித்தால் தடுமாறும் அறைகள் பல சமயம் பழைய மதிப்பையே காட்டும். பிழையெனத் தோன்றியதும் சில்லைத் தூக்கி எறிபவர்கள் இந்தக் கடைசி வாய்ப்பை வீணாக்குகிறார்கள்.

புதுச் சில்லாக விண்பாண்ட் டபிள்யூ27சி512 போன்ற, மின்சாரத்தாலேயே அழிக்கக்கூடியவை வசதியானவை. 32 கிலோபைட் கொண்ட 27சி256இன் இடத்தில் அதை வைப்பதானால் நிரலை இருமுறை அடுத்தடுத்து எழுத வேண்டும். பழைய பலகை எந்தப் பாதியைக் கேட்டாலும் அதே விடை கிடைக்கும். 24 கால் கொண்ட 2716இல் நிரலேற்ற 25 வோல்ட் தேவை. இன்றைய மலிவு விலை நிரலேற்றிகள் பல அதைத் தருவதில்லை.

மின்சாரத்தைத் துண்டித்த பிறகே சில்லைத் தொட வேண்டும். நெம்புகோலை இரு முனையிலும் மாறி மாறிக் கொடுத்துச் சிறிது சிறிதாகக் கிளப்பினால் கால் வளையாது. பொருத்தும்போது முனைப்பள்ளம் தாங்கியின் பள்ளத்தோடு சேர வேண்டும். திருப்பிச் செருகினால் சில்லு பெரும்பாலும் எரிந்துவிடும். கால்கள் கறுத்திருந்தால் கோளாறு பதிவில் இல்லாமல் தொடர்பில் இருக்கலாம். துடைத்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

எஸ்-பிளஸில் வேறு நிரலைச் செருகினால், மின்கலம் காக்கும் தற்காலிக நினைவகத்தில் உள்ள பழைய கணக்கோடு அது ஒத்துப்போகாமல் இயந்திரம் பிழை எண் காட்டி நின்றுவிடும். துடைப்புச் சில்லு ஒன்றை இடையில் செருகி அந்தக் கணக்கை அழித்த பிறகே ஆட்டம் தொடங்கும். துல்லியமான பிரதிக்கு இது தேவையில்லை. மின்கலம் நல்ல நிலையில் இருந்தால், விட்ட இடத்திலிருந்தே இயந்திரம் தொடரும்.