வீட்டுக் கூடத்தில் வளர்ந்த சங்கீதம்

மேனாட்டு சங்கீத மேதை ஜோஹான் செபாஸ்டியன் பாக் (1685–1750) என்றால் மாதா கோவிலும் ஆர்கனும்தான் பலருக்கு நினைவு வரும். அவருடைய வீடே ஒரு சங்கீதசாலை. மூத்த மகனுக்காக 1720-ல் ஒரு பாட நோட்டு தொடங்கினார். மனைவி அன்னா மக்தலேனாவுக்கென்று 1722-லும் 1725-லும் இரண்டு நோட்டுகள். அந்த அம்மாள் தேர்ந்த பாடகி. 1730-ல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தம் குடும்பத்தாரைக் கொண்டே ஒரு கச்சேரி நடத்த முடியும் என்று பெருமைப்பட்டிருக்கிறார்.

இதைப் படித்ததும் எனக்குத் திருவாரூர்தான் ஞாபகம் வந்தது. பாக் பிறந்து சரியாக 50 வருஷம் கழித்து, 1735-ல் பிறந்தவர் ராமஸ்வாமி தீக்ஷிதர். ஹம்ஸத்வனி ராகத்தை நமக்குத் தந்தவர். முத்துஸ்வாமி, சின்னஸ்வாமி, பாலுஸ்வாமி ஆகிய மூன்று பிள்ளைகளுக்கும் தகப்பனாரே குரு. குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது கோட்டை பாண்டு வாத்தியம் அவர்கள் காதில் விழுந்தது. அந்த மெட்டுகளுக்கு முத்துஸ்வாமி சம்ஸ்கிருத சாகித்யம் செய்தார், அவைதான் நோட்டுஸ்வரங்கள். பாலுஸ்வாமி வயலின் கற்று அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டு வந்தார்.

இப்படி வீட்டில் வளர்ந்த சங்கீதம் வீட்டோடு போய்விடவும் கூடும். பாக் காலமானதும் கையெழுத்துப் பிரதிகளை வாரிசுகள் பங்கிட்டுக்கொண்டனர். கார்ல் பிலிப் இமானுவேல் என்ற மகன் காப்பாற்றியவை தங்கின. மூத்தவர் பங்கில் பல கைமாறித் தொலைந்தன. தீக்ஷிதர் குடும்பத்துக்கு நல்ல காலம், சுப்பராம தீக்ஷிதர் (1839–1906) வாய்த்தார். பாலுஸ்வாமியின் பெண் வயிற்றுப் பேரன். அவருக்கே சுவீகார புத்திரன். குடும்பச் சொத்தாக இருந்த கிருதிகளை ஸ்வரக் குறிப்போடு எழுதி, 1904-ல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைத் தெலுங்கு லிபியில் வெளியிட்டார். தீக்ஷிதர் கிருதிகளில் 200-க்கு மேல் இன்று நமக்கு ஆதாரத்தோடு கிடைப்பது இதனால்தான்.

நான் பௌதிகம் படித்தவன். குறிப்பெடுக்காத சோதனை செய்யாத சோதனைக்குச் சமம் என்பார் எங்கள் ஆசிரியர். பம்பாயில் மாதுங்காவிலும் செம்பூரிலும் கச்சேரிக்குக் குறைவில்லை. ஆனால் நலங்கு, ஊஞ்சல், பத்தியம், சம்பந்தி கேலி என்று நம் வீட்டு ஸ்திரீகள் பாடிய பாட்டுகள் எந்த மேடையிலும் ஏறுவதில்லை; பாடுகிறவர்களும் குறைந்து வருகிறார்கள். கோவண்டியில் எங்களுடன் இருக்கும் என் மன்னிக்கு வயது 84. அவர் பாடப் பாட எழுதி வருகிறேன். இதுவரை 14 பாட்டுகள் ஆகியுள்ளன.

பல ஊர்களில் இருக்கும் அங்கத்தினர்களும் இதைச் செய்யலாம். மெட்டைக் கைபேசியில் பதிவு செய்து, வரிகளை நோட்டில் எழுதுங்கள். எந்த ஊர் வழக்கம், யாரிடம் பாடம் என்பதையும் மறவாமல் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.