மெனிஸ்கஸ்

பெயர்ச்சொல். 2018-இல் வெளிவந்த ‘கல்டிஸ்ட் சிமுலேட்டர்’ என்ற கணினி விளையாட்டின் புனைவுத் தொன்மத்தில் நிலவுக்கும் பிரதிபலிப்புக்கும் உரிய தெய்வம். அத்தொன்மத்தில் தெய்வங்களுக்கு ‘ஹவர்ஸ்’, அதாவது ஓரைகள், என்று பெயர்.

சொல் மட்டும் புனைவன்று. கிரேக்கத்தில் ‘மேனே’ என்றால் நிலவு. நிலாத் தெய்வமான செலீனியையும் அப்பெயரால் அழைத்தார்கள். அதன் குறுமை வடிவம் ‘மேனிஸ்கோஸ்’: குட்டி நிலவு, பிறை. பறவை எச்சம் படாமலிருக்கச் சிலைகளின் தலைமேல் பொருத்திய உலோகத் தகட்டுக்கும், வடிவியலில் இரு வட்ட விற்களுக்கு இடைப்பட்ட பிறை உருவத்துக்கும் இச்சொல்லே வழங்கியது.

லத்தீன் வழியாக அறிவியலுக்கு வந்தபின், ஒருபுறம் குழிந்து மறுபுறம் குவிந்த வில்லை, முழங்கால் மூட்டின் பிறை வடிவக் குருத்தெலும்பு, குழாயிலுள்ள திரவத்தின் வளைந்த மேற்பரப்பு ஆகியவற்றையும் குறித்தது. கண்ணாடிக் குழாயில் நீரின் பரப்பு குழிந்தும், பாதரசத்தின் பரப்பு குவிந்தும் நிற்கும்.

நிலவு, நீர்ப்பரப்பு இரண்டும் ஒளியை வாங்கித் திருப்பித் தருபவை. ஆகவே பிரதிபலிப்புத் தெய்வத்துக்கு இது பொருந்திய பெயரே.