முதிய வளர்ப்புக் கிளியை ஏற்பது: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கத்து வீடுகள் சிலவற்றில் மாடிப்படிக்கு அடியில் ஒரு கிளிக்கூண்டு பல ஆண்டுகளாகத் தொங்கும். ஆசைப்பட்டு வாங்கியவர் வெளியூரில் இருப்பார். பேசப் பழக்கிய பிள்ளை கல்லூரிக்குப் போயிருப்பான். கிண்ணத்தில் சூரியகாந்தி விதை மட்டும் விழும். "நீங்களாவது எடுத்துட்டுப் போய் வச்சுக்கங்க" என்று அந்த வீட்டார் சொல்லும்போது, கேட்டவர் என்ன முடிவெடுப்பது?

இரக்கம் இக்கேள்வியை எழுப்பும். விடை சொல்ல அது மட்டும் போதாது. அந்தப் பறவை எந்த இனம், இனி எத்தனை ஆண்டு வாழக்கூடும் என்ற இரண்டையும் பார்த்த பிறகே வீட்டுக்குக் கொண்டுவருவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் வாதம்.

2. இனம்

2.1 நாட்டுக் கிளிகள்

கூண்டில் இருப்பது பச்சைக்கிளி என்றால் ஏற்பதா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 நாட்டுக் கிளிகளைப் பாதுகாக்கிறது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வடிவில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. பெரிய பச்சைக்கிளி, செந்தலைக் கிளி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியதும் மேகமலைக் காடுகளில் பறப்பதுமான நீலச்சிறகுக் கிளி ஆகியவற்றையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இத்தகைய உயிர் அரசின் உடைமை. அது ஒருவர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு வாங்கிக்கொண்டவரும் சட்டத்தின் கண்ணில் வைத்திருந்தவரே.

சட்டம் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. பச்சைக்கிளி பட்டுப்போன தென்னையின் பொந்திலும் பழைய மரங்களின் துளையிலும் முட்டையிடும். சந்தைக்கு வரும் குஞ்சுகள் பெரும்பாலும் அந்தப் பொந்துகளில் கைவிட்டு எடுக்கப்பட்டவை. கூண்டில் கிழடாகிவிட்ட கிளியும் ஒரு காலத்தில் அப்படி வந்ததுதான்.

சிலர் இரங்கி, கதவைத் திறந்து கொடிப்பந்தல் பக்கம் பறக்க விட்டுவிடுகிறார்கள். இதை நான் கடுமையாக மறுக்கிறேன். சிறகு வெட்டப்பட்டு, மனிதர் கையிலேயே தின்று வளர்ந்த முதிய கிளிக்கு இரை தேடத் தெரியாது; வல்லூறைக் கண்டு ஒதுங்கவும் தெரியாது. தேனி, சின்னமனூர், கம்பம், கூடலூரில் வனச்சரக அலுவலகங்கள் இருக்கின்றன. 2023-இல் தமிழகத்தின் பல இடங்களில் வனத்துறையே கிளிகளை ஒப்படைக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. அபராதத்துக்கு அஞ்சும் வீட்டாருடன் கூடவே போய் ஒப்படைக்க உதவுவதுதான் அந்தப் பறவைக்கு நாம் செய்யக்கூடிய நன்மை.

2.2 அயல்நாட்டுக் கிளிகள்

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்கா, சன் கன்யூர் முதலியவற்றை வைத்திருப்போர் 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறுவதையும் அங்கே தெரிவிக்க வேண்டும். ஆகவே பழைய உரிமையாளரின் பதிவைக் கேட்டுப் பார்ப்பதே முதல் வேலை. இங்கே லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் பட்ஜிக்கும் காக்டெயிலுக்கும் இக்கட்டாயம் இல்லை. ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸில் செம்முக வகைக்கு மட்டுமே விலக்கு.

பறவைக்காகப் பணம் கொடுக்கக் கூடாது. அந்தப் பணம் அதே கூண்டுக்கு இன்னொரு குஞ்சை வாங்கித் தந்துவிடும்.

3. பறவையின் உடல்

வயதை வீட்டார் சொல்வதை வைத்துத்தான் அறிய முடியும். இறகு முழு நிறத்துக்கு வந்துவிட்டால் ஐந்து வயதுக்கும் இருபதுக்கும் வேறுபாடு தெரியாது. வளர்ப்பகத்தில் பிறந்ததற்குக் கால் வளையம் இருந்தால் அதில் ஆண்டு பொறித்திருக்கக்கூடும். காக்டெயில் 15 முதல் 20 ஆண்டு, சாம்பல் கிளி 40-க்கும் மேல் வாழும். ஆகவே முதிய கிளி என்று தரப்படும் சாம்பல் கிளிக்கு இன்னும் கால் நூற்றாண்டு மிச்சம் இருக்கலாம்.

விதை மட்டுமே தின்ற கிளிக்கு வைட்டமின் ஏ குறைந்து மூக்கு ஒழுகும், வாயில் வெண்படலம் தோன்றும். ஈரலில் கொழுப்பு சேரும். அலகு அளவுக்கு மீறி வளர்வது ஈரல் நோயின் அடையாளமாக இருக்கலாம். மார்பெலும்பு கத்திபோல் துருத்தினால் உடல் வற்றியிருக்கிறது. உட்கார்ந்தபடியே மூச்சுக்கு மூச்சு வால் ஆடினால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கிளி நோயை மறைக்கும். வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். தேனியில் 2020-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது இவ்வட்டாரத்துக்குப் பெரிய வசதி.

தன் இறகைத் தானே பிடுங்கிய கிளியைப் பார்த்துப் பலர் பின்வாங்குகிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மீகன் குழுவினர் இளம் அமேசான் கிளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2003-இல் வெளியிட்டனர். தேடித் தின்னும்படி உணவு வைத்ததும் கூண்டில் ஏறித் திரிய வகை செய்ததும் இறகு பிடுங்குவதைத் தடுத்தன, குறைக்கவும் செய்தன. பல்லாண்டுப் பழக்கம் முழுதும் மாறும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். மொட்டை மார்போடு இருப்பதற்காக மட்டும் ஒரு கிளியை மறுப்பது நியாயமில்லை.

4. வீடு

இப்பள்ளத்தாக்கில் விடியுமுன் ஜீப் ஏறி கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய் மாலையில் திரும்பும் குடும்பங்கள் உண்டு. பகல் முழுதும் ஆளில்லாத அவ்வீட்டில் சாம்பல் கிளியை வைப்பது பழைய தனிமையை இடம் மாற்றுவதே. அங்கே காரணம் பிழைப்பு. ஆகவே மறுப்பவர் மனம் குன்ற வேண்டியதில்லை. பாட்டியோ தாத்தாவோ பகலெல்லாம் இருக்கும் வீடு கிளிக்கு மிகவும் ஏற்றது. ஆனால் அவர்களுக்குப் பின் யார் பார்ப்பது என்பதையும், அப்படிப் பொறுப்பேற்பவரின் சம்மதத்தோடு, இன்றே பேசி வைக்க வேண்டும்.

ஆனி, ஆடிக் காற்றுக்குக் கூண்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டியிருக்க வேண்டும். நான்ஸ்டிக் தவா கருகினால் எழும் புகை கிளியைக் கொன்றுவிடும். அடுக்களைப் பக்கம் கூண்டு வேண்டாம். மருந்தடித்த திராட்சையை நன்கு கழுவாமல் கொடுக்கக் கூடாது. கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். கர்ப்பிணியோ நெஞ்சு நோயாளியோ இருக்கும் வீடு, பரிசோதனை முடியும்வரை பொறுப்பது நல்லது.

5. ஏற்காமல் உதவுதல்

அயல்நாட்டுக் கிளியை வைத்திருக்கும் பல வீடுகளில் புறக்கணிப்புக்கு அறியாமையே காரணம். கூண்டை ஆள் நடமாடும் முற்றத்துக்கு மாற்றச் சொல்லலாம். விதையோடு முருங்கைக்கீரை, கேரட், மஞ்சள் பூசணி, முளைகட்டிய பயறு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்க்கச் சொல்லலாம். விதையை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. பழகாத உணவைத் தொடாமல் பட்டினி கிடக்கும் கிளிகள் உண்டு. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைக்கட்டும். சில மாதம் இப்படிச் செய்தபின் அந்த வீட்டாரே கிளியைத் தர மனமில்லை என்று சொன்னால், அதை அங்கேயே விட்டுவிடுவது சரி.