ஒரு சொல்லுக்குப் பதினெட்டு மாதம்

1837-இல் மெக்காலே தலைமையிலான குழு, நாடு முழுமைக்கும் ஒரே குற்றச் சட்டம் என்று ஒரு வரைவு எழுதி முடித்தது. அதில் 113-ஆவது பிரிவு, அரசாங்கத்துக்கு எதிராக ஜனங்களின் மனத்தைத் திருப்புகிறவர்களுக்கானது. வரைவு இருபது வருஷத்துக்கு மேல் தூசியில் கிடந்தது. 1860-இல் ஒருவழியாகச் சட்டமாகி அச்சேறியபோது அந்தப் பிரிவை மட்டும் காணோம்!

பத்து வருஷம் கழித்துத்தான் சர்க்காருக்கு உறைத்தது. வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன், ஏதோ தவறுதலாக விட்டுப்போயிற்று என்று சொல்லி 1870-இல் அதைத் திரும்பச் செருகினார். செருகியதோடு சரி. 1891-இல் கல்கத்தாவின் 'பங்கபாசி' பத்திரிகை மீது முதன்முறையாகப் பாய்ந்தது. ஜூரிகள் ஒருமிக்கவில்லை, ஆசிரியர் வருத்தம் தெரிவித்தார், வழக்கு கைவிடப்பட்டது. பல் இல்லாத பாம்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பல் முளைக்கக் காரணமாகப் போகிறவர் அப்போது பூனாவில் சட்டப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

பால கங்காதர திலகர் 1879-லேயே எல்எல்.பி. முடித்தவர். ஆனால் கோர்ட் படியேறிக் கட்சிக்காரரைத் தேடவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கினார், 1881-இல் நண்பர்களோடு 'கேசரி' பத்திரிகை தொடங்கினார். சாப்பாட்டுக்கு வக்கீல் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு வகுப்பு. 1895-இல் பம்பாய் சட்டசபைக்குத் தேர்வானார். 'ஆனரபிள்' பட்டம் கிடைத்ததே தவிர, அந்தச் சபையில் வரவுசெலவைப் பற்றிப் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. பேச வேண்டியதை அவர் கேசரியிலேயே பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் ஊருக்குள் பிளேக் நுழைந்தது.

1897-இல் பிளேக் தடுப்புக்கு வந்த அதிகாரி ராண்ட். அவருடைய சோல்ஜர்கள் பூட்ஸ் காலோடு பூஜை அறைக்கும் அடுப்படிக்கும் போனார்கள். வசதியுள்ள பலர் ஊரைக் காலிசெய்தபோது திலகர் நகரிலேயே தங்கி, கேசரியில் காய்ச்சி எடுத்தார். ஜூன் 22, விக்டோரியா ராணியின் வைர விழா. கணேஷ்கிண்ட் கவர்னர் மாளிகையில் (இன்று அது புனே பல்கலைக்கழகக் கட்டடம்) விருந்து முடிந்து சாரட்டுகள் திரும்பிக்கொண்டிருந்தன. இருட்டில் துப்பாக்கி வெடித்தது. அயர்ஸ்ட் என்ற லெப்டினன்ட் அங்கேயே இறந்தார், ராண்ட் ஜூலை 3-இல். சுட்டவர்கள் சாபேகர் சகோதரர்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்குச் சர்க்கார் தேடியது வேறொருவரை.

கொலையோடு திலகரை முடிச்சுப்போட ஆதாரம் இல்லை. ஆனால் ஜூன் 15 கேசரியில் சிவாஜி விழாப் பேச்சுகளும் ஒரு கவிதையும் வந்திருந்தன. அது போதும், அந்தத் தொலைந்து கிடைத்த பிரிவு இருக்கவே இருக்கிறது! ஜூலை 27-இல் பம்பாயில் கைது. ஜாமீன் கேட்டால் ஐகோர்ட் கையை விரித்தது. மறுத்த நீதிபதிகளில் ஒருவர் பூனாவின் பெரிய மனிதர் ரானடே. கடைசியில் தின்ஷா தாவர் என்ற வக்கீல் வாதாட, அதே கோர்ட்டின் நீதிபதி பத்ருத்தீன் தயாப்ஜி ஜாமீன் தந்தார். தாவர் என்ற இந்தப் பெயர் மறுபடியும் வரும்.

செப்டம்பரில் விசாரணை. வழக்கு முழுவதும் ஒற்றை ஆங்கிலச் சொல்லில் தொங்கியது: 'டிஸ்அஃபெக்ஷன்'. அதற்கு என்ன பொருள்? நீதிபதி ஸ்ட்ரேச்சி ஜூரிகளுக்கு விளக்கினார்: அன்பு இல்லாமை, வெறுப்பு, பகை, இகழ்ச்சி, எந்தவிதமான கெட்ட எண்ணமும் அதில் அடங்கும். கலகம் நடக்க வேண்டியதில்லை, அதற்குத் தூண்டவும் வேண்டியதில்லை. அதாவது, சர்க்காரை நேசிக்காவிட்டால் குற்றம்! ஒன்பது ஜூரிகளில் ஆறு ஐரோப்பியர் குற்றவாளி என்றார்கள், மூன்று இந்தியர் இல்லை என்றார்கள். பதினெட்டு மாதம் கடுங்காவல். சட்டசபை உறுப்பினர் கைதி உடை போட்டார். லண்டன் பிரிவி கவுன்சிலில் அவருக்காக வாதாடியவர் ஆஸ்குவித். அங்கும் கதவு திறக்கவில்லை.

அகராதி பார்த்து எழுதிய மாதிரி இருந்த அந்த விளக்கம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று சர்க்காருக்கே கவலை. 1898-இல் பிரிவைத் திருத்தி, விசுவாசமின்மை, பகை உணர்ச்சி எல்லாவற்றையும் அதிலேயே அச்சடித்துவிட்டார்கள். ஒரு நீதிபதியின் வாய்ச்சொல் சட்டத்தின் வாசகமாயிற்று. பாம்புக்குப் பல் முளைத்துவிட்டது. அதன் பெயர், பின்னாளில் பத்திரிகைக்காரர்கள் தூக்கத்திலும் சொல்லக்கூடிய 124-ஏ.

1908-இல் அது மறுபடியும் கடித்தது. ஜூலை 7, திருநெல்வேலியில் வக்கீல் வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை. பதினைந்து நாள் கழித்து, ஜூலை 22, பம்பாயில் மீண்டும் திலகர். ஜாமீன் கேட்டு நின்றவர் ஜின்னா. மறுத்தவர், பிறகு ஆறு வருஷம் நாடுகடத்தியவர், நீதிபதி தாவர். ஆமாம், அதே தின்ஷா தாவர். அப்போது லண்டனில் பிரதம மந்திரி ஆஸ்குவித்! 1922-இல் அகமதாபாத்தில் காந்திக்கும் ஆறு வருஷம்தான். நீதிபதி புரூம்ஃபீல்ட் முன்மாதிரியாகச் சொன்னது திலகர் வழக்கை.

வெள்ளைக்காரன் போனான், 124-ஏ போகவில்லை. 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1-இல் அந்தப் பழைய குற்றச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் ராஜதுரோகம் என்ற சொல் கிடையாது. ஆனால் அதன் இடத்தில் 152-ஆவது பிரிவு இருக்கிறது. ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம்.