ஒரு பவுனுக்கு முந்நூறு கிலோ: தங்கவயலில் ஒரு சைக்கிள் சுற்று

கோலார் தங்கவயலைப் பத்தி இணையத்துல தேடினா ரெண்டு விஷயம்தான் மாறி மாறி வரும். ஒண்ணு சினிமா. இன்னொண்ணு 'குட்டி இங்கிலாந்து': பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். ரெண்டுலயும் சுரங்கத்துக்குள்ள இறங்கினவங்க ஓரமாத்தான் நிக்கிறாங்க. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்கள்ல இருந்து போன தமிழ் பேசும் தொழிலாளர்கள், அதிலும் பெரும்பகுதி தலித் மக்கள், மூணு நாலு தலைமுறையா உழைச்ச இடம் அது. அதனால அந்த நிலத்தை ஒரு நாள் முழுக்க சைக்கிள்ல சுத்திப் பார்த்து, படிச்சதையும் பார்த்ததையும் சேர்த்து எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

பாதை இதுதான். பங்காருபேட்டையில ரயிலை விட்டு இறங்கி ராபர்ட்சன்பேட்டை. அங்கிருந்து பேத்தமங்கலம் ஏரி. திரும்பி வந்து உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம். மொத்தம் 60 கிலோமீட்டருக்குள்ள அடங்கிடும். கேட்கச் சின்னதா இருக்கும். ஆனா மார்ச் மாச வெயில், எதிர்க்காத்து, மூச்சு வாங்கி முடிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துடுற குட்டிக் குட்டி ஏத்தம் எல்லாம் சேர்ந்து ஆளைக் கழட்டிடும். வழியில முள்ளு குத்தி ரெண்டு தடவை பஞ்சர். ட்யூப் கூடுதலா எடுத்துட்டுப் போங்க.

முதல்ல பழைய கதை

1802ல மைசூர் ராஜ்யத்தின் கிழக்கு எல்லையை அளக்க வந்தவர் லெப்டினன்ட் ஜான் வாரன். இந்தப் பக்கம் மண்ணுல பொன் கிடைக்குதுன்னு கேள்விப்பட்டு, காட்டுறவங்களுக்குப் பரிசுன்னு அறிவிச்சார். ஊர்க்காரங்க மண்ணைக் கொண்டுவந்து அவர் கண் முன்னாலயே அரிச்சுக் காட்டினாங்க. மாரிக்குப்பம் பக்கம் பறையர் சமூகத்தவர் ஏற்கெனவே குழி தோண்டிப் பொன் எடுத்துக்கிட்டிருந்ததையும் அவர் பதிவு செய்திருக்கார். 'வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச தங்கம்'னு சொல்றவங்க இந்த இடத்தைக் கவனமாப் படிக்கணும். கண்டுபிடிச்சவங்க காட்டினாங்க, வாரன் எழுதினார். அவ்வளவுதான்.

எழுபது வருஷம் கழிச்சு, பெங்களூர்ல குடியேறியிருந்த மைக்கேல் லாவெல்ங்கிற அயர்லாந்துக்காரர் வாரன் எழுதினதைப் பிடிச்சுக்கிட்டு வந்தார். 1875ல அவருக்குச் சுரங்க உரிமை கிடைச்சது. கையில இருந்த காசு பத்தல, உரிமை வேற கைக்கு மாறிடுச்சு. 1880ல லண்டனோட ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்த பிறகுதான் தங்கவயல் நிஜமாவே தங்கவயல் ஆச்சு. இங்கிலாந்தின் கார்ன்வால்ல இருந்து சுரங்கத் தொழில் தெரிஞ்சவங்களைக் கம்பெனி கூட்டிட்டு வந்தது. மேற்பார்வை அவங்க கையில. பாறையைத் துளைச்சு வாரி அள்ளினது நம்ம ஆளுங்க.

தண்ணியும் கரண்டும்

பேத்தமங்கலம் போற வழி கொஞ்சம் இறக்கம், திரும்புறப்போ அதே வழி தண்டனை. ஆனா அந்த ஏரியைப் பார்க்காம தங்கவயலைப் புரிஞ்சுக்க முடியாது. தண்ணி இல்லாத மேட்டு நிலத்துல ஆயிரக்கணக்கான பேரைக் குடி வெச்சு, மில்லும் ஓட்டணும். பாலாத்துத் தண்ணியை இந்த ஏரியில இருந்துதான் மேலே ஏத்தினாங்க. நான் மிதிச்சு ஏறின மேட்டுல தண்ணியையும் ஏத்தியிருக்காங்கன்னு நினைச்சா அந்த ஏத்தத்துக்கே ஒரு மரியாதை வருது.

கரண்ட் இன்னும் தூரத்துல இருந்து வந்தது. காவிரியின் சிவசமுத்திரம் அருவியில மின்நிலையம் கட்டி, 1902ல சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தாங்க. அன்னிக்கு உலகத்துலயே மிக நீளமான மின்கடத்தித் தடங்கள்ல அது ஒண்ணு. பெங்களூர்த் தெருவுக்கே விளக்கு வந்தது 1905லதான். எனக்குச் சோறு போடுற கம்ப்யூட்டர் நகரத்துக்கு மூணு வருஷம் முன்னாடியே தங்கவயலுக்கு மின்சாரம்! இந்தப் பகுதியில நவீனத்தின் முதல் முகவரி எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன்.

மேல ஊரு, கீழ ஊரு

சாம்பியன் ரீஃப் பக்கம் டீக்கடையில உட்கார்ந்தப்போ பக்கத்துல ஒரு பெரியவர். இருபத்தஞ்சு வருஷம் 'அண்டர்கிரவுண்ட்' வேலை பார்த்தவர். சைக்கிளைப் பார்த்துட்டு, "எவ்ளோ தூரம் தம்பி சுத்துனீங்க?"ன்னு கேட்டார். சொன்னேன். சிரிச்சார். "சுத்துறது எல்லாம் மேல ஊரு. நாங்க பொழச்சது கீழ ஊரு."

அன்னிக்கு ராத்திரி கணக்குப் போட்டேன். ஸ்ட்ராவா காட்டின என்னோட மொத்த ஏற்றம் 600 மீட்டர் சொச்சம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் சுமார் 3,200 மீட்டர். நான் நாள் பூரா ஏறினதைப் போல அஞ்சு மடங்கு, நேர் செங்குத்தா. கூண்டு மாதிரி 'கேஜ்'ல இறங்கி, அப்புறம் நடந்து, அடியில பாறையோட வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். சில்லுக் காத்தைக் கீழே அனுப்பித்தான் ஆளை நிக்க வைக்க முடியும். அந்த ஆழத்துல பாறை மேல இருக்கிற பாரம் தாங்காம திடீர்னு வெடிக்கும். தொழிலாளிங்க அதுக்கு வெச்ச பேர் 'ஏர் பிளாஸ்ட்'. அதுல தப்பினவங்களை நுரையீரல்ல படிஞ்ச சிலிக்கா தூசு மெதுவாப் பிடிக்கும்.

அதே ஆழம் அறிவியலுக்கும் உதவியிருக்கு. பூமியின் வளிமண்டலத்துல உண்டாகுற நியூட்ரினோவை 1965ல முதன்முதலாப் பதிவு செய்த இடங்கள்ல ஒண்ணு இந்தச் சாம்பியன் ரீஃப், 2 கிலோமீட்டருக்கும் கீழே. அந்த ஆய்வுக்கூடத்தைத் தாங்கின குகையும் தொழிலாளி வெட்டினதுதான்.

இந்த மக்கள் வாயை மூடிக்கிட்டு இருக்கவும் இல்ல. 1930ல கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செஞ்சாங்க. 1946 நவம்பர் போராட்டத்துல போலீஸ் சுட்டு ஆறு பேர் செத்தாங்க. அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்துல கிளை இருந்தது. அவர் காலத்துக்குப் பின்னாடி நின்னுபோன 'தமிழன்' இதழை ஜி. அப்பாதுரையார் 1926ல திரும்பத் தொடங்கினது இங்கிருந்துதான். பத்துக்குப் பத்து லைன் வீட்டுல இருந்துக்கிட்டு அச்சகமும் பத்திரிகையும் நடத்தியிருக்காங்க. தமிழ்நாட்டுச் சிந்தனை வரலாற்றின் ஒரு முக்கியமான அத்தியாயம் கர்நாடகத்துச் சுரங்கத்தூர்ல இருக்கு.

சயனைட் மலை

கடைசிப் பத்து கிலோமீட்டர்தான் கடினம். ரோட்டோரம் சாம்பல் வெள்ளையா மலைங்க. மழை அரிச்சு ஓடை ஓடையா கீறியிருக்கும். பாறையை மாவா அரைச்சு, சயனைட் கரைசல்ல தங்கத்தைப் பிரிச்ச பிறகு கொட்டின கழிவு. காத்தடிச்சா அந்த மாவு கிளம்பி ரோட்டை மூடுது. டயர் புதையுது, கண்ணைத் திறக்க முடியல. நான் முகத்துல துணியைக் கட்டிக்கிட்டு ஒரு மணி நேரத்துல கடந்துட்டேன். பக்கத்துலயே வீடு இருக்கிறவங்க அதைத்தான் தினமும் சுவாசிக்கிறாங்க.

120 வருஷத்துல எடுத்த தங்கம் சுமார் 800 டன். 13 மேடுகள்ல கிடக்கிற கழிவு சுமார் 3.3 கோடி டன். வகுத்துப் பாருங்க: ஒரு கிராமுக்கு 40 கிலோ. ஒரு பவுனுக்கு முந்நூறு கிலோவுக்கு மேல. பவுன் போய்ச் சேர்ந்த இடம் வேற, முந்நூறு கிலோ தங்கின இடம் இது.

2001 பிப்ரவரி 28ல சுரங்கம் மூடினாங்க. அதுக்கப்புறம் விடியக்காலை ரயிலைப் பிடிச்சு பெங்களூருக்கு வேலைக்குப் போறவங்க ஊரா அது மாறிடுச்சு. இப்போ அந்தக் கழிவு மேடுகள்ல மிச்சம் இருக்கிற தங்கத்தையும் எடுக்கணும்னு திட்டம். 2024ல கர்நாடக அமைச்சரவை அதுக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. புழுதி குறைஞ்சா நல்லதுதான். வேலை உள்ளூர்க்காரங்களுக்குப் போகுமா, மேட்டைக் கலைக்கிறப்போ கிளம்புற தூசுக்கு யார் பொறுப்பு, லைன் வீட்டுக்காரங்க நிலைமை என்னங்கிற கேள்விகளை டெண்டர் போடுறதுக்கு முன்னாடியே கேட்டாகணும். ஒரு தடவை பவுன் ஒரு பக்கமும் புழுதி ஒரு பக்கமும் போனது போதும்.

இன்னொண்ணு. உங்க தாத்தாவோ பாட்டனாரோ தங்கவயல்ல வேலை பார்த்திருந்தா, வீட்டுப் பெட்டியில சம்பளச் சீட்டு, டோக்கன், போட்டோ ஏதாவது கிடக்கலாம். தூக்கிப் போடாதீங்க. படம் எடுத்து, பேரும் வருஷமும் பின்னால எழுதி வையுங்க. மலைகளைக் கரைச்சுட்டா, அந்த உழைப்புக்குச் சாட்சியா மிஞ்சப்போறது அந்தக் காகிதங்கள்தான்.