சிவப்புக் கோட்டும் கருங்கம்பளியும்: நரி வேட்டைக்கு என்ன உடுத்தினார்கள்?



அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், இங்கே கயோட்டி வேட்டைக்கு என்னையும் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை போகிறவனுக்கு வேண்டிய உடை, சாமான் என்று கடைக்காரர் நீளமாக ஒரு பட்டியல் கொடுத்துவிட்டார். நம்ம ஊரில் அந்தக் காலத்தில் என்ன போட்டுக்கொண்டு போனார்கள்?" சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் ஒரு வரியில் பதில் வராது என்பது அவருக்கும் தெரியும்.

கயோட்டி நம்ம நரிக்குப் பெரியம்மா மகன் மாதிரி. இரண்டும் நாய் இனம். இரண்டும் எலி, முயல், பழம், செத்தது என்று எதையும் தின்னும். இரண்டும் இரவில் ஊளையிடும். ஆகவே நரி வேட்டையைப் பற்றியே சொல்கிறேன்.

நம் மாகாணத்துக்கு வேலைக்கு வந்த இளம் வெள்ளைக்கார அதிகாரிக்கும் இப்படித்தான் ஒரு பட்டியல் கொடுத்து அனுப்புவார்கள். அதில் முதலில் வருவது தொப்பி. 'சோலா தொப்பி' என்ற பெயரைக் கேட்டு சூரியனோடு சம்பந்தம் என்று பல வெள்ளைக்காரர்களே நினைத்தார்கள். அந்தச் சோலா என்பது குளத்திலும் சதுப்பிலும் வளரும் ஒரு செடி. தமிழில் நெட்டி என்கிறோம். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் போடும் நெட்டி மாலையும், தஞ்சாவூரில் கோயில் மாதிரி செதுக்கும் நெட்டி வேலையும் இதே நெட்டிதான். எடையே இருக்காது, உள்ளே வெப்பமும் இறங்காது. அது இல்லாமல் வெயிலில் போனால் வெள்ளைக்காரன் மண்டை வெடித்துச் சாவான் என்றே நம்பினார்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் சாதாரணத் தொப்பியோடு வெயிலில் திரிந்தும் ஒன்றும் ஆகவில்லை. அத்தோடு நெட்டித் தொப்பி பரணுக்குப் போனது.

அடுத்தது காக்கி. 'காக்' என்றால் பாரசீகத்தில் மண், புழுதி. 1846-இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய கைட்ஸ் படைதான் முதலில் இந்த நிறத்தை உடுத்தியது. வெள்ளை உடையும் சிவப்பு உடையும் மைல் தூரத்துக்குத் தெரியும் மலைநாட்டில், புழுதி நிறத்தவன் பாறையோடு பாறையாக நின்றான். இதைப் படைக்காரர்களைப் போலவே வேட்டைக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். காலுக்கு, முழங்கால் வரை சுற்றும் துணிப்பட்டை. பழைய படங்களில் போலீஸ்காரர் காலில் பார்த்திருப்பீர்கள். 'பட்டி' என்ற நம் சொல்தான் ஆங்கிலத்துக்கும் போனது. முள்ளுக்கும் பாம்புக்கும் அது காவல். அட்டைக்கு ஓரளவுதான். மழைக்காலத்தில் மேகமலையில் நடந்தவர்களுக்குத் தெரியும், துணியின் இழை வழியாகவே உள்ளே நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த உறையும், மேலே தடவிய புகையிலையும் உப்பும்தான் அங்கே உதவும்.

இனி ஊட்டிக்கு வருவோம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் குதிரை ஏறி, நாய்க்கூட்டத்தோடு குள்ளநரி துரத்துவது கனவான்களின் விளையாட்டாக இருந்தது. அந்த நரி நீலகிரியில் இல்லை. ஆகவே 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே வேட்டை நாய்களைக் கப்பலில் கொண்டுவந்து நம்ம நரியைத் துரத்த ஆரம்பித்தார்கள். அந்தப் புல்வெளிக்குத்தான் பிறகு, 1891 முதல் 1896 வரை சென்னை கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் வந்தது. அங்கே உடுத்தியது காக்கி இல்லை, பளிச்சென்ற சிவப்புக் கோட்டு. வெள்ளைக் கால்சட்டை, முழங்கால் வரை பூட்ஸ், விழுந்தால் மண்டை தப்பிக்கக் கெட்டித் தொப்பி. கழுத்தில் சுற்றும் நீள வெள்ளைத் துணி, கை முறிந்தால் தூளியாகும். காயத்துக்குக் கட்டும் ஆகும். அதை மட்டும் நான் மெச்சுவேன்.

சிவப்பு உடுத்தினால் நரி பார்த்துவிடாதா என்று வகுப்பில் கேட்பார்கள். நல்ல கேள்வி. நாய் இனத்துக்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகத் தெரியும். சிவப்பு மங்கலாக, மண் நிறம் போலத்தான் படும். எப்படியும் முப்பது நாற்பது நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடும்போது ஒளிந்துகொள்ள என்ன இருக்கிறது? அந்தக் கோட்டு நரிக்காகத் தைத்ததே இல்லை. மேட்டில் வண்டியில் உட்கார்ந்திருந்த துரைமார்களும் துரைசானிகளும் பார்ப்பதற்காகத் தைத்தது.

நரிக்காகவே உடுத்தியவர்கள் நரிக்குறவர்கள். இருட்டில், காற்றுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, மேலே போர்த்திக்கொண்டு, நரி போலவே ஊளையிடுவார்கள். தன் எல்லைக்குள் வேறு நரி வந்துவிட்டது என்று நினைத்து அது தானாக வரும். பக்கத்தில் வலை, தடி, சுருக்குக் கண்ணி. இவ்வளவுதான் சாமான். இன்று அமெரிக்காவில் கயோட்டி வேட்டைக்குப் போகிறவர் செய்வதும் இதேதான். உடம்பையும் முகத்தையும் மறைக்கும் புள்ளி உடை, அசையாமல் ஓரிடத்தில் உட்காருவது, காற்றுத் திசை பார்ப்பது, அடிபட்ட முயல் போலக் கத்தும் ஊதல். நம்மவருக்கு ஊதல் தொண்டையிலேயே இருந்தது.

கம்பளியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கீதாரிகள் போர்த்தும் கருங்கம்பளி பனிக்கும் தூறலுக்கும் தாங்கும். ஆட்டு வாடை வீசும், மனித வாடை அமுங்கும். முக்கியமாக, அசைந்தால் சலசலக்காது. முதல் முறை போகிறவர் விலை உயர்ந்த மழைக்கோட்டு வாங்கினால், அது ஒவ்வொரு அசைவிலும் காகிதம் போலச் சத்தம் போடும். கடையிலேயே கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட வேண்டும். இது என் மாணவருக்கு.

நம் உத்தமபாளையம் பக்கத்துக்கு இன்னொரு சாமான் உண்டு. நான்கு காலில் நடக்கும். கோம்பை நாய்! செவலை நிறம், கருவாய், ஒல்லி உடம்பு. இங்கிலாந்து நாய்க்குக் கப்பல் கட்டணம் கொடுத்தவர்கள், கூப்பிடு தூரத்தில் இருந்த இதைக் கண்டுகொள்ளவில்லை.

இனி சொல்ல வருவது உடையைப் பற்றியது இல்லை. 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் வளரியும் வேலும் தடைக்குள் வந்தன. 1878 ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கட்டாயம். வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு. 1879-இல் நீலகிரிக்கென்று வேட்டைச் சட்டம், 1882-இல் சென்னை வனச் சட்டம். சிவப்புக் கோட்டு போட்டவர் செய்தால் விளையாட்டு, கம்பளி போர்த்தியவர் செய்தால் திருட்டு என்ற கணக்கு அப்போதுதான் ஏட்டில் ஏறியது. விலங்குகள் குறைந்தது உண்மை, சட்டம் தேவைப்பட்டதும் உண்மை. ஆனால் யாருடைய துப்பாக்கியால் குறைந்தன என்று அந்தச் சட்டங்கள் கேட்கவில்லை. நம் மலைக்கு அந்தப்புறம் திருவிதாங்கூர் அரசு 1934-இல் நெல்லிக்காம்பட்டிச் சரணாலயத்தை அமைத்தது. அதுதான் இன்றைய பெரியாறு புலிகள் காப்பகத்தின் தொடக்கம்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக வந்தது. அதற்கு நான் முழு ஆதரவு. நரியைப் பிடித்தாலும் கொன்றாலும் வழக்குதான். சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வலை வைத்து வங்கா நரி பிடித்து ஊர்வலம் விடுகிறவர்களுக்கு வனத்துறை அபராதம் போடும் செய்தியைப் படித்திருப்பீர்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையை மட்டுமே தெரிந்தவர்களுக்கு மாற்று வேலை அதே வேகத்தில் வரவில்லை. நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்ததே 2023-இல்தான்.

இன்று நம் திராட்சைத் தோட்டங்களில் நரி வந்து "சீச்சீ புளிக்கும்" என்று சொல்ல வாய்ப்பில்லை, பன்னீர் திராட்சை இனிக்கத்தான் செய்கிறது. ஊளைச் சத்தம்தான் குறைந்துவிட்டது. மேகமலையில் இப்போது பச்சைப் புள்ளி உடையும் அட்டைக்கான காலுறையும் போட்டு நடப்பவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். அவர்களில் மலைவாழ் மக்களும் இருக்கிறார்கள்.

யார் வீட்டுப் பரணிலாவது பழைய நெட்டித் தொப்பியோ, தாத்தா காலத்துக் கருங்கம்பளியோ இருந்தால் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். யாருடையது, எங்கே வாங்கியது என்ற விவரத்தையும் எழுதினால் நல்லது.