கல்வி வாயிலைத் திறந்த கிரேஸ் பானு

ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாறு பெரும்பாலும் பள்ளி வாயிலிலேயே தொடங்குகின்றது. அண்ணல் அம்பேத்கர் பள்ளிக்குக் கோணித் துண்டு கொண்டுசென்று அமர்ந்து பயின்றதை நம் இளைஞர் அறிவர். அத்தகைய கொடுமை நம் காலத்திலும் தொடர்ந்தது என்பதற்குத் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த திருநங்கை கிரேஸ் பானுவின் வாழ்வு சான்றாகும். அதனை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

தலித் குடும்பத்தில் பிறந்த அவர், பள்ளியில் ஏனைய மாணவரோடு கலவாதிருக்கும் பொருட்டுத் தாமதமாக வரவும், முன்னதாகவே வீடு திரும்பவும் பணிக்கப்பட்டதாகக் கூறியுள்ளார். ஆணெனக் கருதப்பட்டு வளர்ந்தவர், தம்மைப் பெண்ணென உணர்ந்தார். அதனைக் குடும்பம் ஏற்கவில்லை. திருநங்கையர் சமூகமே அவரை அரவணைத்தது. எனினும் கல்வியை அவர் கைவிடவில்லை. கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பில் 95 விழுக்காடு மதிப்பெண் பெற்றார். மென்பொருள் பணியிலும் பாகுபாடு தொடரவே, அப்பணியைத் துறந்தார். 2014ஆம் ஆண்டு அரக்கோணத்தில் பொறியியற் கல்லூரி ஒன்றில் மின், மின்னணுப் பொறியியல் பயிலச் சேர்ந்தார். தமிழ்நாட்டில் பொறியியற் கல்லூரியில் இடம்பெற்ற முதல் திருநங்கை அவரே.

தாம் நுழைந்த வாயிலைப் பின்வருவோர்க்கும் திறந்துவைக்க முற்பட்டதே அவர்தம் பெருமை. அவருடைய வளர்ப்பு மகள் தாரிகா பானு, நீதிமன்றம் வரை சென்று போராடிச் சித்த மருத்துவக் கல்வியில் இடம் பெற்றார்.

அவரது முதன்மையான கோரிக்கையை நம் இளைஞர் நன்கு உணர்தல் வேண்டும். 2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம், திருநங்கையர்க்கும் திருநம்பியர்க்கும் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை உண்டெனத் தீர்ப்பளித்தது. இட ஒதுக்கீடு வழங்கவும் பணித்தது. 2015இல் தமிழக அரசு அவர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. இதனால் தலித் திருநங்கைக்கு ஒரு சிக்கல் எழுந்தது. ஆதிதிராவிடர் பிரிவில் நின்றால், திருநங்கை என்பதற்கான பயன் இல்லை. புதிய பிரிவிற்குச் சென்றால், பிறப்பால் வந்த உரிமை போய்விடும். சாதிக் கொடுமை மட்டும் அவரை விட்டு நீங்குவதில்லை!

ஆதலின் கிரேஸ் பானு கிடைமட்ட இட ஒதுக்கீடு கோரினார். ஒவ்வொரு சாதிப் பிரிவிற்குள்ளும் திருநர்க்கெனத் தனிப்பங்கு ஒதுக்குவதே அது. தமிழக அரசுப் பணிகளில் எல்லாப் பிரிவிற்குள்ளும் மகளிர்க்கெனத் தனிப்பங்கு ஒதுக்கப்படுவது போன்றதே இதுவும். 2021இல் கருநாடக அரசு தன் பணிகளில் இம்முறைப்படி 1 விழுக்காடு வழங்கியது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? ஊர் நம்மைச் சேரிக்குள் ஒதுக்கியது. நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் வேறுவிதமாக வளர்ந்தால், நாமே அவரைத் தெருவிற்குத் துரத்துகின்றோம். தீண்டாமையை எதிர்க்கும் சமுதாயம், தன் இல்லத்திற்குள் மற்றொரு தீண்டாமையை வளர்த்தல் தகுமா? வீட்டை விட்டு வெளியேற்றப்படும் பிள்ளை, பெரும்பாலும் பள்ளியையும் இழக்கின்றது.

பெற்றோரே, இளைஞரே! அத்தகைய பிள்ளைக்கு வீட்டில் ஒரு பாயும், பள்ளியில் ஓர் இருக்கையும் உறுதி செய்வோம். ஒரு மாணவரும் வாயிலில் நிற்காத நாளே நம் கல்விப் பணி நிறைவுறும் நாள்.